ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு வார்டு: நான்கு வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸின் ரிவ்யூ

இங்கே ஸ்டாஃப் நர்ஸாக நான்கு வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடம் மெடிக்கல் வார்டு, அதற்குப் பிறகு சர்ஜிக்கல் வார்டு. போன மாதம்தான் ரிலீவ் ஆனேன். ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது. ஆனால் வேலைக்கு ஆஸ்பத்திரி தேடிக்கொண்டிருக்கிற யாருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒரு மாதம்கூடத் தேதி தவறியதில்லை. கட்டில், மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. கிளவுஸ் இல்லை, சிரிஞ்ச் இல்லை என்று அடுத்த வார்டுக்கு ஓடிக் கடன் வாங்கும் நிலைமை வந்ததே இல்லை. டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள். இதை மட்டும் வைத்து மார்க் போடச் சொன்னால் 5க்கு 4 போடுவேன்.

இவ்வளவும் இருந்தும், மெடிக்கல் வார்டில் என்னோடு ஒரே பேட்ச்சில் சேர்ந்த 9 பேரில் வருடம் முடியும்போது மீதி இருந்தது 3 பேர். அதே கட்டிடத்தில் ஒரு மாடி மேலே, சர்ஜிக்கல் வார்டில், அந்த வருடம் ஒருவர்கூட வேலையை விடவில்லை. சம்பளம் ஒன்று, மேனேஜ்மென்ட் ஒன்று, யூனிஃபார்ம்கூட ஒன்றுதான். அந்த ஒரு மாடிக்குள் என்ன வித்தியாசம் இருந்தது என்பதுதான் இந்த ரிவ்யூ.

மெடிக்கல் வார்டில் அடுத்த வாரத்து டியூட்டி லிஸ்ட் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் நோட்டீஸ் போர்டுக்கு வரும். திங்கட்கிழமை காலை டியூட்டியா, நைட்டா என்பது ஞாயிறு இரவு 9 மணிக்கு யாராவது போட்டோ எடுத்து அனுப்பினால்தான் தெரியும். ஒட்டிய பிறகும் அது நிலையில்லை. காலை டியூட்டி முடித்து, ஹேண்டோவர் (நோயாளிகளின் விவரங்களை ஒப்படைப்பது) கொடுத்து, பையைத் தோளில் மாட்டியிருப்பேன், "ஈவினிங் ஸ்டாஃப் வரலை, நீ கன்டினியூ பண்ணு" என்று சொல்லிவிட்டு இன்சார்ஜ் (வார்டுப் பொறுப்பில் இருக்கும் நர்ஸ்) தன் அறைக்குப் போய்விடுவார். முடியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழந்தையை ஸ்கூலில் இருந்து யார் கூட்டிவருவது என்று போனில் கெஞ்சிக்கொண்டே அடுத்த ஷிப்ட்டுக்கு மருந்து எடுத்து வைத்த அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நைட் முடிந்து, ஒரு நாள்கூட ஆஃப் இல்லாமல், மறுநாள் காலை 7 மணிக்கு வரச்சொன்னதும் நடந்திருக்கிறது.

பகலில் ஒருவருக்கு 8 நோயாளிகள், நைட்டில் 14, சில நாள் 15. இது எனக்கு மட்டும் கஷ்டமாகத் தெரிகிறதா, இல்லை இது உண்மையிலேயே தாங்காத கணக்கா என்று ரொம்ப நாள் குழம்பினேன். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். லிண்டா ஏக்கன் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்து ஒரு ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டது. ஒரு நர்ஸுக்கு ஒரே ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷனுக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்த நர்ஸ் பர்ன்அவுட் ஆகும், அதாவது வேலை அழுத்தத்தில் முழுதாகச் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையே பிடிக்காமல் போகும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடுகின்றன. கலிஃபோர்னியாவில் இதற்கு 1999இலேயே சட்டம் போட்டு 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டுகளில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக்கூடாது, ஐசியூவில் 2 பேர்தான். 15 பேரோடு நின்ற நைட் டியூட்டிகளில் இந்த 5 என்ற எண் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஒரு நைட்டைச் சொல்கிறேன். மணி இரண்டரை இருக்கும். 6ஆம் கட்டிலில் பம்ப் கத்திக்கொண்டிருக்கிறது, 11ஆம் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது, நான் அவரோடு நின்றுவிட்டேன். 3ஆம் கட்டிலில் ஒரு பெரியவர், பக்கவாதம் வந்தவர், தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். "சிஸ்டர், ஒரு பக்கமா வலிக்குதும்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். "இதோ வரேன்ப்பா" என்றேன். போக முடியவில்லை. விடிகாலை ஐந்தரைக்குப் போய்த் திருப்பினேன், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து போயிருந்தது, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப் புண் தொடங்குகிறது என்று படித்த யாருக்கும் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை, "உனக்கும் வேலை அதிகம்தானேம்மா" என்றார். வீட்டுக்குப் போய்த் தூக்கம் வரவில்லை. வேலை செய்து களைத்துப்போவது எனக்குப் பழக்கம்தான், ஒரு தூக்கத்தில் போய்விடும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் வீட்டுக்கு வருகிற அந்தப் பாரம் தூக்கத்தில் போகாது. அந்த வார்டை விட்டுப் போன 6 பேரில் 4 பேர் என்னிடம் சொன்ன காரணம் இதுதான். சம்பளம் என்று ஒருவர்தான் சொன்னார்.

புதிதாக வந்த பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். ஒரு வாரம் ஓரியண்டேஷன், பாதி நேரம் ஃபயர் எக்ஸ்டிங்குவிஷரும் ஃபார்ம் நிரப்புவதும். இரண்டாவது வாரமே எண்ணிக்கையில் சேர்த்து, முழு நர்ஸாகக் கணக்குப் போட்டு நோயாளிகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், அந்த மாதத்துக்குள் தனியாக நைட். படிக்கும்போது மனதில் இருந்த நர்ஸ் வேலைக்கும் வார்டில் பார்க்கிற வேலைக்கும் நடுவில் விழுகிற அந்த அதிர்ச்சிக்கு, அமெரிக்க நர்ஸ் மார்லின் கிரேமர் 1974இலேயே ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்துப் புத்தகமே எழுதினார். 50 வருடம் ஆகியும் அதே தப்பை அதே மாதிரி செய்கிறோம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, இரவு 10 மணி ஆன்டிபயாடிக்கை 12 மணிக்குக் கொடுத்தாள். யாரும் பார்க்கவில்லை. அவளே மறுநாள் காலை இன்சார்ஜிடம் போய்ச் சொன்னாள், ரிப்போர்ட்டும் எழுதினாள். விளக்கக் கடிதம் கேட்டார்கள். மாதாந்திர மீட்டிங்கில் அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், கையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அன்று நைட்டில் அவளுக்கு 13 நோயாளிகள், இரண்டு புது அட்மிஷன் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் ராஜினாமா கொடுத்தாள். அதன் பிறகு அந்த வார்டில் யாரும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. தப்புகள் குறையவில்லை, வெளியே தெரியாமல் போயின, அவ்வளவுதான்.

இனி மாடிக்கு வருவோம். எனக்கு டிரான்ஸ்ஃபர் கிடைத்தது, சரி, இங்கேயும் ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிடலாம் என்றுதான் சர்ஜிக்கல் வார்டுக்குப் போனேன்.

முதல் நாளே இன்சார்ஜ் ஒரு நோட்டை நீட்டினார். அடுத்த நான்கு வாரத்துக்கு எந்த நாள் எனக்குக் கட்டாயம் ஆஃப் வேண்டும், எந்த நாள் நைட் போட்டால் பரவாயில்லை, பென்சிலில் எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதின பிறகு அவர் உட்கார்ந்து லிஸ்ட் போடுவார், நான்கு வாரத்து லிஸ்ட் முன்கூட்டியே ஒட்டிவிடுவார். மூன்று நைட்டுக்கு மேல் தொடர்ந்து போடமாட்டார், நைட் முடிந்தால் இரண்டு நாள் ஆஃப். கேட்டது எல்லாம் கிடைத்துவிடாது. கிடைக்காதபோது ஏன் என்று கூப்பிட்டுச் சொல்வார், "இந்த மாசம் உனக்கு முடியலம்மா, அவளுக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், அடுத்த மாசம் முதல்ல உனக்குத்தான்" என்பார். அடுத்த மாதம் சொன்னபடியே செய்வார். டியூட்டி லிஸ்ட் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் நர்ஸோடு ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. ஒரு விசேஷத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடிவதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

அங்கேயும் ஆள் குறையும் நாட்கள் உண்டு, ஒரே ஆஸ்பத்திரிதானே. ஆனால் அப்படிப்பட்ட நாளில் அவர் தன் மேசையில் உட்கார்ந்திருக்கமாட்டார், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இரண்டு நோயாளிகளைத் தானே எடுத்துக்கொள்வார், அதுவும் டிரெஸ்ஸிங் அதிகம் இருக்கிற இரண்டு பேர். ஆள் போதாதபோது புது அட்மிஷன் அனுப்பப் பார்த்தால் நர்சிங் ஆபீஸுக்குப் போன் போடுவார். "ரெண்டு ஸ்டாஃப் இல்லாம நான் எடுக்கமாட்டேன், எடுத்தா அந்தப் பேஷன்ட்டுக்கும் சேர்த்து ஆபத்து" என்று குரலை உயர்த்தாமல் சொல்வார். நாங்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வோம். ஒரு தடவை ஒரு சர்ஜன், ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து டிரெயின் குழாயில் வடிந்த திரவத்தின் அளவை எழுதவில்லை என்று ஒரு ஜூனியரை நோயாளி முன்னாலேயே சத்தம் போட்டார். இவர் போய் நடுவில் நின்று, "சார், என்கிட்ட சொல்லுங்க, என் ரூம்ல பேசலாம்" என்றார். அவ்வளவுதான் செய்தார். அந்தப் பிள்ளை இன்று வரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வருபவர்களுக்கு அங்கே முதல் மூன்று மாதம் ஒரு சீனியர் அக்காவோடு ஒரே டியூட்டி. அவர் நைட் என்றால் இவளும் நைட். அந்த மூன்று மாதமும் எண்ணிக்கையில் சேர்க்க இன்சார்ஜ் விடமாட்டார், இதற்காக நர்சிங் ஆபீஸோடு எத்தனை தடவை வாதாடினார் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான சம்பவம். எனக்கு நடந்தது. நோயாளியின் கையில் நரம்பில் செருகியிருக்கும் கேனுலா குழாயை ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதாவது அடைக்காமல் இருக்க சலைன் செலுத்த வேண்டும், டிராலியில் இருந்து 10 மில்லி சலைன் ஆம்பூல் (சின்ன மருந்துக் குப்பி) என்று நினைத்து எடுத்தேன், கழுத்தை உடைக்கப்போகும் முன் லேபிளைப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி தெளிந்த திரவம், லேபிள் எழுத்தும் ஏறக்குறைய ஒரே நிறம். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கை நடுங்கிவிட்டது, ஆம்பூலைத் திரும்ப வைக்கக்கூட முடியவில்லை. கீழே மெடிக்கல் வார்டாக இருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். இங்கே நேராக இன்சார்ஜிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "பேஷன்ட் நல்லா இருக்காரா? நீ உட்காரு." இரண்டாவது, "எங்கேருந்து எடுத்தே, அப்படியே செஞ்சு காட்டு." டிராலிக்கு வந்து நான் எடுத்த மாதிரியே அவரும் கையை நீட்டிப் பார்த்தார். சலைன் தட்டுக்குப் பக்கத்துத் தட்டு பொட்டாசியம். அன்று மாலைக்குள் பொட்டாசியம் முழுவதும் டிராலியை விட்டு வெளியே போனது, பூட்டிய அலமாரிக்கு, சிவப்பு ஸ்டிக்கரோடு, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி. மறுநாள் ஹேண்டோவரில், "நேத்து ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க, அதனால இதை மாத்திட்டோம்" என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அந்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் போய், தாங்கள் ஏறக்குறையச் செய்துவிட இருந்த தப்புகளைச் சொன்னார்கள். ஆறு மாதம் என்று வந்த நான் இரண்டு வருடம் இருந்தேன்.

வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்த பிறகு எக்ஸிட் இன்டர்வியூ என்று ஒன்று வைத்து ஏன் போகிறாய் என்று கேட்பது எல்லா இடத்திலும் நடக்கிறது, முடிவெடுத்தவரிடம் கேட்டு என்ன பயன்? எங்கள் சர்ஜிக்கல் வார்டு இன்சார்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, "இங்க உனக்கு எது கஷ்டமா இருக்கு, நான் எதை மாத்தலாம்?" என்று கேட்பார். கேட்டதைக் குறித்துக்கொள்வார். நான் ஒருமுறை நைட்டில் மருந்து எடுத்து வைக்கும் இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்றேன். பத்து நாளில் லைட் வந்தது.

இது அவருடைய நல்ல குணம், அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடாது என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1980 வாக்கில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அப்போதும் சில ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்கள் தேடி வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள். அப்படிப்பட்ட 41 ஆஸ்பத்திரிகளை அமெரிக்கன் அகாடமி ஆஃப் நர்சிங் ஆராய்ந்து 1983இல் அறிக்கை வெளியிட்டது. காந்தம் மாதிரி இழுப்பதால் அவற்றுக்கு ‘மேக்னட்’ என்று பெயர். அவற்றில் பொதுவாக இருந்தவை என்னவென்று பார்த்தால், போதிய ஆள், நர்ஸின் குடும்ப வாழ்க்கையைக் கணக்கில் எடுத்த டியூட்டி நேரம், முடிவெடுப்பதில் நர்ஸ்களுக்குப் பங்கு, அணுகிப் பேசக்கூடிய மேலதிகாரி. பிறகு அதுவே ஒரு அங்கீகாரத் திட்டமாக மாறி, 1994இல் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர் முதல் அங்கீகாரத்தைப் பெற்றது. எங்கள் இன்சார்ஜ் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்ததும் இதையேதான். எழுதி வைத்து, எல்லா வார்டுக்கும் கொண்டுபோகக்கூடிய விஷயங்கள்தான் இவை.

அதைத்தான் இந்த ஆஸ்பத்திரி செய்யவில்லை. போன வருடம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து ஆபீஸுக்குக் கொண்டுபோனார்கள், அவருக்குத் தகுதியான பதவிதான், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் செய்த ஒன்றையும் வார்டில் நடைமுறையாக விட்டுவைக்கவில்லை. டியூட்டி லிஸ்ட் போடுவது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, நோட்டு நின்றது. லிஸ்ட் வருவது முதலில் இரண்டு வாரமாகச் சுருங்கியது, அப்புறம் ஒரு வாரம். புதிதாக வந்தவர்களை முதல் மாதமே எண்ணிக்கையில் சேர்த்தார்கள். எங்களைப் பிடித்து ஆள் இல்லாத வேறு வார்டுகளுக்கு ஃப்ளோட் அனுப்பத் தொடங்கினார்கள், எலும்பு முறிவு வார்டில் ஒரு நாள், டயாலிசிஸ் பக்கம் ஒரு நாள், போன இடத்தில் மருந்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. 14 பேரில் முதலில் ஒரு அக்கா போனார், 11 வருட அனுபவம். அவர் போன இடம் காலியாக இருந்ததால் மற்றவர்களுக்கு டபுள் டியூட்டி, டபுள் டியூட்டி தாங்காமல் இன்னும் இரண்டு பேர். எட்டே மாதத்தில் 6 பேர். ஏழாவது நான்.

மேனேஜ்மென்ட் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனஅழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். எங்களுக்கு அது விழுந்தது மூன்று நைட் முடிந்த மறுநாள், ஆஃப் நாளில், வருகைப் பதிவோடு. உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை 2019இல் விளக்கும்போது, அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாமல் நீடிக்கிற அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. வேலையிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்னை மட்டும் மூச்சை இழுத்துவிடச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வகுப்புக்குப் போக வைத்த அந்த ஆஃப் நாளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் தூங்கியாவது இருப்பேன்.

நோயாளிகளுக்கும் இது தெரிகிறது. பழைய ஆபரேஷன் நோயாளி ஒருவர் இரண்டாவது தடவை அட்மிட் ஆனபோது என்னைப் பார்த்ததும், "அப்பாடா, தெரிஞ்ச முகம் ஒண்ணாவது இருக்கே" என்றார். அவருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்காது, எந்த மருந்துக்கு வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

மார்க் போட வேண்டும் என்றால், வசதிகளுக்கு 5க்கு 4. மெடிக்கல் வார்டுக்கு 1. அந்த இன்சார்ஜ் இருந்த காலத்து சர்ஜிக்கல் வார்டுக்கு முழுதாக 5, இப்போதைய சர்ஜிக்கல் வார்டுக்கு 2. ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் 2. அனுபவம் உள்ளவர்கள் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் பக்கம் இடம் கிடைத்தால் யோசிக்கலாம், அங்கே ஆள் கணக்கு ஓரளவு சரியாக இருக்கிறது. படிப்பை முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகள் இப்போதைக்கு இங்கே சேர வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வேறு எங்கே போனாலும், இன்டர்வியூவில் சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். எந்த வார்டு என்று கேளுங்கள். அந்த வார்டின் இன்சார்ஜைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நைட்டில் ஒருவருக்கு எத்தனை பேர், லிஸ்ட் எத்தனை நாள் முன்னால் வரும், முதல் மூன்று மாதம் யாரோடு டியூட்டி, கடைசியாக ஒரு தப்பு நடந்தபோது என்ன செய்தீர்கள், இந்த வார்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. புது இடத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அந்த இன்சார்ஜ் அந்த மாத டியூட்டி லிஸ்ட்டை எடுத்து மேசையில் விரித்து, ஒவ்வொரு பெயராக விரலை வைத்து, "இவங்க ஆறு வருஷம், இவங்க நாலு, இந்தப் பொண்ணு போன மாசம்தான் வந்தா, இவங்ககூட டியூட்டி போடறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். திங்கட்கிழமை அங்கே சேர்கிறேன். காலை டியூட்டி என்று இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.